முன் அறைக்கு மாறிய பவளராணி

கிழக்கு லண்டனில் விக்டோரியா மகாராணி காலத்து வரிசை வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர். அறைக்கு அறை குளிர்காயும் கணப்பு அடுப்பு. கணப்பைச் சுற்றிச் சுவரிலிருந்து புடைத்த ஒரு செங்கல் தூண். கீழ் அறைத் தூண் மேல் அறைத் தூணைச் சுமக்கும். அது கூரைமேல் இருக்கும் புகைபோக்கியைச் சுமக்கும். நெருப்பு மூட்டி ஐம்பது வருஷம் ஆனாலும் சுமை சுமைதான்.

அப்படியொரு வீட்டின் சொந்தக்காரர் குலசிங்கம். மகள் ஆரணி கேட்டு அவர் இல்லையென்றது கிடையாது. வளைந்து நீண்ட ஜன்னல் வைத்த மேல்மாடி முன் அறை அவளுக்கு. கட்டில் போட்டால் கதவு முழுதாகத் திறக்காத பின் அறை, வாடகைக்கு இருந்த பவளராணிக்கு. வவுனியாவில் இரண்டு பிள்ளைகளை விட்டு வந்தவள் அவள். முதியோர் இல்லத்தில் இரவு வேலை, பகலில்தான் தூக்கம்.

ஆரணி பெரியபிள்ளையானாள்; சாமத்திய வீடு என்னும் பூப்புனித நீராட்டு விழா வந்தது. கீழ் முன் அறையில் அவளை உட்காரவைக்கும் அலங்கார மணவறை வைக்கத் தூண் இடைஞ்சல். கட்டட வேலை செய்யும் மேசன் யோகநாதன் வந்து வெள்ளிக்கிழமை அதை இடித்தார். அன்று மாலையே குலசிங்கம் பவளராணியின் கதவைத் தட்டினார்.

"பிள்ளை, உமக்கு இந்த அறை காணாது. முன் அறைக்கு மாறும். ஆரணி இஞ்ச படுப்பா."

"ஐயோ அண்ணை, ஆரணி கோவிக்கப் போறா."

"அவ சமாளிப்பா."

ஆரணி சாப்பிடாமல் அழுதாள். பவளராணியோ பிள்ளைகளுக்குத் தொலைபேசியில் ஜன்னலைக் காட்டிப் பூரித்துப்போனாள்.

சடங்கு சிறப்பாக முடிந்தது. மூன்றாம் வாரம், பகல் பதினொரு மணிக்கு, மேல் அறைத் தூணும் புகைபோக்கியும், தூங்கிக்கொண்டிருந்த பவளராணியின்மேல் விழுந்தன.

மரண விசாரணையில் மூன்று பேர் பேசினார்கள்.

"இரும்பு உத்தரம் போடாட்டி மேல் தூண் நிக்காது எண்டு சொன்னனான். பிறகு பாப்பம் எண்டார்" என்றார் யோகநாதன்.

"அவர் ஒண்டும் சொல்லேல்லை. எனக்கென்ன தெரியும்?" என்றார் குலசிங்கம்.

"புகைபோக்கி சாயிறதைப் பாத்தனான். எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை" என்றாள் பக்கத்து வீட்டு இராசமலர்.

வேறு சாட்சி இல்லை. இந்த மூவரில் பெரிய பாவி யார்? எதை வைத்துச் சொல்வீர்கள்?

விடை: உத்தரம் போடாமல் இடித்தது மேசனின் குற்றம். வாயைத் திறக்காதது இராசமலரின் குற்றம். ஆனால் பொய் சொன்னவர் குலசிங்கம்தான். மகள் கேட்டதெல்லாம் கொடுத்த மனிதர், தூண் இடித்த அன்றே அவள் அழ அழ அறையைப் பிடுங்கி இன்னொருத்திக்குக் கொடுத்தார். தெரியாதவர் அப்படிச் செய்யமாட்டார். விசாரித்தவர்கள் அதை அவருடைய நல்ல மனசு என்று எழுதிக்கொண்டார்கள். ஆரணிக்கு மட்டும் புரிந்துவிட்டது. ஒருநாள் அப்பாவிடம் கேட்டாள்: "அறையைப் பூட்டி வைச்சிருக்கலாமே அப்பா?"

"சாமத்திய வீட்டுக்கு ஆக்கள் வருவினம், பிள்ளை. பூட்டியிருந்தா ஏன் எண்டு கேப்பினம்" என்றார் குலசிங்கம்.