தவளைக்கு இரண்டாம் கல்யாணம்

எட்டிமரக் காட்டில் இருந்தது ஒரே ஒரு குளம். குடிக்க வருவதோ காடு முழுவதும். யானை வந்தால் மான் ஒதுங்கும். மான் ஒதுங்கினால் பன்றி முந்தும். பன்றி முந்தினால் சண்டை. அந்த வருடம் மழையும் ஏமாற்றிவிட்டது. குளம் சுருங்கி, கரையோரக் குழி ஒன்றில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் மிஞ்சியது.

அந்தக் குழியில்தான் செங்கமலம் என்ற தவளை தன் தலைப்பிரட்டைகளை வளர்த்து வந்தது. அவற்றுக்கு இன்னும் வால் இருந்தது, கால் முளைக்கவில்லை.

காட்டுக்குத் தலைவர் கரடி. தலைவர் என்றால் கூட்டம் போடுபவர், வேறொன்றுமில்லை. அவர் கூட்டம் போட்டார்.

"தண்ணிக்கு என்ன வழி?" என்று கேட்டார்.

ஊரிலிருந்து ஓடி வந்து காட்டில் தங்கியிருந்த சிங்காரம் என்ற கழுதை முன்னால் வந்தது. "மழை வேணும்னா கல்யாணம் பண்ணணும் தலைவரே! ஊர்ல அதான் வழக்கம். எனக்கே நாலு தடவை பண்ணி வெச்சிருக்காங்க!"

"மழை வந்துச்சா?"

"வராம? மூணாவது கல்யாணம் முடிஞ்சு, அடுத்த வருஷம் ஐப்பசியில கொட்டு கொட்டுன்னு கொட்டிச்சே!"

"பார்த்தீங்களா!" என்று கரடி கை தட்டினார். கூட்டமும் தட்டியது.

ஐப்பசியில் மழை கொட்டாமல் வேறு எப்போது கொட்டும்? இதைக் கேட்க அந்தக் கூட்டத்தில் ஓர் ஆள் இல்லை. கழுதைக்கு மழையைப் பற்றிக் கவலையும் இல்லை. கல்யாணம் என்றால் மாலை போடுவார்கள், மாலையைத் தின்னலாம். அதன் கணக்கு அவ்வளவுதான்.

"மறுபடியும் நீயே மாப்பிள்ளையா?" என்று யானை கேட்டது.

"ஐயோ, நாலு போதும்! உடம்பு தாங்காது. தவளைக்குப் பண்ணினா இன்னும் விசேஷம்."

எல்லோரும் செங்கமலத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்குத்தான் கல்யாணம் ஆயிடுச்சே! குழி நிறையப் பிள்ளைங்க இருக்கு, தெரியலையா?"

"பொது நன்மைம்மா! வேணும்னா அதே புருஷனையே இன்னொரு தடவை கட்டிக்க!" என்றார் கரடி பெருந்தன்மையாக.

"இன்னொரு தடவையா?" என்று அலறியது செங்கமலத்தின் புருஷன் வீரபத்திரன். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

வேலைகள் தடபுடலாகத் தொடங்கின. மேடை உயரமாக இருக்க வேண்டும், அப்போதுதான் வானத்துக்குத் தெரியும் என்றது கழுதை. தரையோ கல்லாகக் காய்ந்து கிடந்தது. குளத்தங்கரை மண் மட்டும் வெட்டச் சுலபமாக இருந்தது. யானை தந்தத்தால் குத்தியது, பன்றி மூக்கால் கிளறியது. கரையில் அடிவரைக்கும் ஒரு பெரிய வாய் திறந்துகொண்டது.

"கரையை வெட்டாதீங்க!" என்று செங்கமலம் கத்தியது.

"தண்ணியே இல்லாத குளத்துக்குக் கரை எதுக்கு?" என்றார் கரடி.

கல்யாணத்தன்று காடே திரண்டு வந்தது. வந்தவர்கள் குழித் தண்ணீரில் கால் கழுவினார்கள். முகம் கழுவினார்கள். அத்திப்பழப் பாயசம் காய்ச்சினார்கள். பாயசம் கெட்டியாக இருக்கிறது என்று மறுபடியும் தண்ணீர் மொண்டார்கள்.

மாலையும் கழுத்துமாக மேடையில் நின்ற செங்கமலம் அழுதேவிட்டது. "என் பிள்ளைங்களுக்கு இன்னும் கால் முளைக்கலை! தண்ணி போனா எந்திரிச்சு நடந்தா போவாங்க?"

"கல்யாணப் பொண்ணு அழுதா நல்லது!" என்றது கழுதை, மாலையின் மறுமுனையை மென்றபடி.

அன்று மாலையே மேகம் கறுத்தது. சடசடவென்று மழை இறங்கியது. காடு துள்ளிக் குதித்தது. கழுதையைத் தோளில் தூக்கிக்கொண்டார் கரடி. யானை குளத்துச் சேற்றில் இறங்கித் தொம் தொம்மென்று ஆடியது.

குளம் மளமளவென்று ஏறியது. ஏறிய வேகத்தில், வெட்டிய வாய் வழியாகப் பாய்ந்து வெளியேறியது. ஓரத்து மண் சரிந்து குழியும் மூடிக்கொண்டது. செங்கமலமும் வீரபத்திரனும் வெள்ளத்தை எதிர்த்து நீந்தி, பிள்ளைகளைக் குளத்தின் உள்பக்கமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தன. பாதிப் பேரை வெள்ளம் கொண்டுபோய்விட்டது.

விடிந்தது. காடு முழுக்க நனைந்திருந்தது. குளத்தில் சேறு மட்டும் இருந்தது.

"தண்ணி எங்கே?" என்று கேட்டார் கரடி.

"அதை நீங்க கேக்கலையே! மழைதானே கேட்டீங்க?" என்றது கழுதை.

சேற்றில் ஒரே இடத்தில்தான் தண்ணீர் தேங்கியிருந்தது. அது யானை ஆடிய கால்தடம். தாகத்தோடு யானை தும்பிக்கையை நீட்டியது. அந்தத் தடத்தின் விளிம்பில், வாடிய மாலையோடு செங்கமலம் உட்கார்ந்திருந்தது.

"குடிங்கண்ணே. மிச்சப் பிள்ளைங்க இதுலதான் இருக்காங்க. மென்னு முழுங்கிடுங்க, தொண்டையில சிக்கிடப் போறாங்க."

யானையின் தும்பிக்கை அப்படியே நின்றது. யானை தடத்துக்குள் எட்டிப் பார்த்தது. சின்னச் சின்ன வால்கள் துடித்துக்கொண்டிருந்தன.

யானை குடிக்கவில்லை. யாருமே குடிக்கவில்லை. இலைகளில் தொங்கிய துளிகளை நக்கிக்கொண்டார்கள். பிறகு யானை நடந்து போய்க் கல்யாண மேடையை ஓர் உதை விட்டது. பன்றி மண்ணைத் தள்ளியது. கரடி தலைவர் பதவியை மறந்து மண் சுமந்தார். கழுதைக்குத்தான் பெரிய சுமை, அதை யானை தன் தும்பிக்கையாலேயே ஏற்றியது. பொழுது சாய்வதற்குள் கரையில் வெட்டிய வாய் மூடியது.

சில நாள் கழித்து மறுபடியும் மழை வந்தது. யாரும் கல்யாணம் பண்ணவில்லை, யாரும் அழைக்கவில்லை, தானாக வந்தது. இந்தத் தடவை குளம் நிறைந்தது. கால் முளைத்த குட்டித் தவளைகள் யானையின் முதுகில் ஏறிக் குதித்து விளையாடின.

வருகிற தண்ணீரைத் தேக்கிவைக்கத் தெரியாதவர்களுக்கு, வானமே உடைந்து கொட்டினாலும் தாகம் தீராது.