வேணி ஏன் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டாள்

"அம்மை, எத்தனை நாள் பட்டினி கிடந்தா இந்தப் பாவம் கழியும்?"

செண்பகவல்லி இப்படித்தான் ஆரம்பித்தாள். ஒரு கும்பிடு இல்லை, நான் இன்னார் என்று ஒரு வார்த்தை இல்லை. வந்த வேகத்தில் செருப்பில்கூட ஒன்றைத்தான் கழற்றியிருந்தாள்.

அம்மை என்பவள் மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு மடத்துத் தலைவி. தலைவி என்றதும் ஜடாமுடி, மான்தோல் என்று யாரும் கற்பனை பண்ண வேண்டாம். பெயர் உலகம்மை. நாற்பது வயதிருக்கும். மின்வாரிய ஆபீஸில் கிளார்க்காக இருந்து வேலையை விட்டவள். அந்த மடத்தில் தினமும் மத்தியானம் நூறு பேருக்குச் சோறு போடுகிறாள். மற்ற நேரத்தில் யாராவது வந்து ஏதாவது கேட்டால் பதில் சொல்வாள். பாதி நாள் அதையும் சொல்ல மாட்டாள்.

செண்பகவல்லி அவளைவிடப் பதினோரு வயது மூத்தவள்.

அம்மை அரிவாள்மனையில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"உங்களால எத்தனை நாள் முடியும்க்கா?"

"ஒரு மண்டலம் இருப்பேன். நாப்பத்தெட்டு நாள். நீங்க சொல்லுங்க, இன்னைக்கே ஆரம்பிச்சுருதேன்."

"இன்னைக்குச் சாப்ட்டாச்சா?"

"நேத்து மத்தியானத்துலேருந்து ஒண்ணும் சாப்பிடலை."

"அது யாருக்கெல்லாம் தெரியும்?"

"வேணிக்குத் தெரியும். என் மக."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலை. எழுந்து ரூமுக்குள்ள போயிட்டா."

அம்மை நறுக்குவதை நிறுத்தினாள். முதலில் உட்காரச் சொன்னாள். அப்புறம் நடந்ததைச் சொல்லச் சொன்னாள்.

நடந்தது இதுதான்.

வேணிக்கு இருபத்து மூன்று வயது. போன மாசியில் பெண் பார்க்க வந்தார்கள். பிடித்துப்போய் அன்றைக்கே பூவும் வைத்துவிட்டார்கள். போகிறபோது பையனுடைய பெரியம்மா, பொண்ணு கொஞ்சம் பூசுனாப்ல இருந்தாலும் லட்சணமா இருக்கா என்று வாசலில் நின்று சொன்னாள்.

நல்ல வார்த்தையாகத்தான் சொன்னாள். லட்சணம் என்றது காற்றோடு போய்விட்டது. பூசுனாப்ல என்றது மட்டும் செண்பகவல்லியின் காதில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

அன்று ஆரம்பித்தது, எந்நேரமும் போனும் கையுமாக. தேடுகிறவளுக்குக் கிடைக்காமலா போகும். இருபத்தொரு நாளில் பத்து கிலோ என்று ஒரு விளம்பரம். வெள்ளைக் கோட்டும் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்புமாக ஒருத்தன் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பக்கத்தில் குண்டாக ஒரு பெண், அதே பெண் ஒல்லியாக இன்னொரு படத்தில்.

செண்பகவல்லி பணத்தைக் கட்டினாள். டப்பா வந்தது. காலையிலும் ராத்திரியும் வெந்நீரில் அந்த மாவு, மத்தியானம் பாதி வெள்ளரிக்காய். சோறு, தோசை, பால், பழம் எதுவும் கூடாது. விடிந்ததும் தராசில் ஏறி நின்று போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்புக்கு அனுப்ப வேண்டும். எடை இறங்காதவர்களைப் பெயர் சொல்லி, எல்லோரும் கேட்கும்படி, அந்த டாக்டர் வாய்ஸ் மெசேஜில் திட்டுவான்.

ஐந்தாம் நாளே வேணி தலை சுத்துதும்மா என்றாள். கொழுப்பு கரையும்போது அப்படித்தான் இருக்கும் என்று குரூப்பில் பதில் வந்தது. பெற்றவளும் அதையே ஒப்பித்தாள். பதின்மூன்றாம் நாள் பிள்ளை பாத்ரூமில் மயங்கி விழுந்து, படியில் நெற்றி இடித்து, ஆறு தையல்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தயாரித்தவன் பெயரும் இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்றும் இல்லை. பத்து கிலோவை இருபத்தொரு நாளில் குறைக்கிறேன் என்று ஒருத்தன் சொன்னால் அவன் எந்தக் காலேஜில் படித்தான் என்றாவது கேட்டிருக்க வேண்டாமா என்று கேட்டார். செண்பகவல்லி கேட்கவில்லை. கோட்டைப் பார்த்தாள், நம்பினாள்.

அதற்குப் பிறகு அந்த நம்பரில் யாரும் எடுக்கவில்லை. குரூப்பையும் காணவில்லை. ஒரு வாரம் கழித்து வேறு பெயரில் அதே விளம்பரம் வந்தது. அதில் குண்டாக நின்றது வேணி. முதல் நாள் அனுப்பி வைத்த போட்டோ. பக்கத்தில் ஒல்லியாக நின்றது யாரோ ஒரு பெண். வேணியோடு வேலை பார்க்கிற பிள்ளைதான் அதைப் பார்த்துவிட்டு, இது நீதானாடி என்று வேணிக்கே அனுப்பிக் கேட்டது.

சைபர் போலீஸில் புகார் கொடுத்தார்கள். விளம்பரம் போய்விட்டது. தையலும் பிரித்தாயிற்று. பையன் தங்கமான பையன். உடம்பு தேறட்டும் என்று அவனே சொல்லி, கல்யாணத்தைத் தைக்குத் தள்ளி வைத்தான்.

வேணியும் தேறிவிட்டாள். டாக்டரம்மா சொன்னபடி கீரை, பயறு, முட்டை, அளவாகச் சோறு என்று பசித்த நேரத்துக்குச் சாப்பிடுகிறாள். சாயங்காலம் குளத்துக்கரையில் முக்கால் மணி நேரம் நடக்கிறாள். எடை குறைகிறதானால் மெதுவாகக் குறையட்டும், குறையாவிட்டாலும் இந்த உடம்பில் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். பிள்ளை முகத்தில் பழைய களை வந்துவிட்டது.

எல்லாம் சரி. ஒன்றே ஒன்றுதான் சரியில்லை.

வேணி தன் அம்மாவின் முன்னால் ஒரு வாய் சாப்பிடுவதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். ஐந்து மாதமாக இப்படித்தான். தை வந்தால் வேறு வீட்டுக்குப் போய்விடுவாள். அதற்குள் ஒரு நாளாவது பெற்ற பிள்ளை தன் முன்னால் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட வேண்டும். செண்பகவல்லிக்கு வேறு எந்த வரமும் வேண்டாம்.

சொல்லி முடிப்பதற்குள் முந்தானை நனைந்துவிட்டது.

"உங்களை ஏமாத்துனது யாருக்கா?" என்று அம்மை கேட்டாள்.

"அந்தப் படுபாவிதான். டாக்டராம் டாக்டர்."

"அவன் வேணியை நேர்ல பார்த்திருக்கானா?"

"இல்லை."

"அப்போ அவ குண்டுன்னு அவன்கிட்ட சொன்னது யாரு?"

செண்பகவல்லி முந்தானை நுனியை முறுக்கினாள்.

"நான்தான்" என்றாள்.

வேணியிடம் மன்னிப்புக் கேட்டீங்களா என்று அம்மை கேட்டதற்கு, அதெல்லாம் கேட்டாயிற்று, காலில் விழாத குறைதான் என்றாள். சரி விடும்மா என்கிறாளே தவிர, தட்டை எடுத்தால் உள்ளே போய்விடுகிறாளாம். பிள்ளை விழுந்த அன்றைக்கே அந்தத் தராசைக்கூடத் தன் கையாலேயே பழைய இரும்புக்காரனிடம் தூக்கிப் போட்டுவிட்டதாகச் செண்பகவல்லி சொன்னாள்.

"அப்போ இப்ப எதை வச்சு நிறுக்கீங்க?"

"நான் எங்கே அம்மை நிறுக்கேன்?"

அம்மை பந்திக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தாள். சோற்று வாளியையும் கரண்டியையும் செண்பகவல்லியின் கையில் கொடுத்தாள்.

பரிமாறுவது அவளுக்குப் புதிதா என்ன. முப்பது வருஷமாகப் பழகிய கை. விறுவிறுவென்று வரிசையில் போனாள். முதலில் எலும்பும் தோலுமாக ஒரு பெரியவர். அவருக்கு இரண்டு கரண்டி. அடுத்து ஒரு லாரி டிரைவர். அவருக்கும் இரண்டு. அதற்கடுத்து ஒரு சித்தாள், காலையிலிருந்து சிமெண்டுச் சட்டி சுமந்தவள், நல்ல பருத்த உடம்பு. அவளுக்கு ஒரு கரண்டி, அதுவும் தலை தட்டி.

அந்தப் பெண் இலையைப் பார்த்தாள். நிமிர்ந்து செண்பகவல்லியைப் பார்த்தாள். குனிந்து குழம்புக்குக் குழி பறித்தாள்.

ஆறு இலை தள்ளி இன்னொரு பருத்த பெண். அவளுக்கும் ஒரு கரண்டி, தலை தட்டி.

அம்மை பின்னாலிருந்து வந்தாள். கரண்டியை மெதுவாக வாங்கிக்கொண்டாள். திரும்பிப் போய் அந்த இரண்டு இலையிலும் சோறு போட்டாள்.

தான் என்ன தப்பு பண்ணினோம் என்று செண்பகவல்லிக்குத் தெரியவில்லை. பட்டினி கிடக்கிறவள் பரிமாறக் கூடாதோ என்னமோ என்று நினைத்துக்கொண்டாள். மனுஷிக்கு அப்போதும் விளங்கவில்லை, பாவம்.

பந்தி முடிந்தது. அம்மை ஒரே ஒரு இலை போட்டாள்.

"உட்காருங்கக்கா."

"நான் பட்டினின்னு சொன்னேனே அம்மை."

"பட்டினி நான் சொன்ன பிறகுதானே ஆரம்பிக்கணும். உட்காருங்க."

அதற்கு மேல் மறுக்க முடியவில்லை. பசியில் கண்ணையும் இருட்டியது. உட்கார்ந்தாள். அம்மை சோறு போட்டாள், பூசணிக்காய்க் கூட்டு வைத்தாள், குழம்பு ஊற்றினாள், ஒரு அப்பளமும் வைத்தாள். எல்லாம் வைத்துவிட்டு எதிரே தானும் உட்கார்ந்தாள். உட்கார்ந்து பார்த்தாள்.

செண்பகவல்லி முதல் வாய் எடுத்தாள்.

அம்மையின் கண் இலையிலிருந்து கைக்குப் போனது. கையிலிருந்து வாய்க்கு. வாயிலிருந்து கழுத்துக்கு, கழுத்திலிருந்து இடுப்புக்கு. மறுபடியும் இலைக்கு வந்தது.

இரண்டாவது வாய். அதே கண், அதே வழி.

கூட்டைத் தொட்டபோது அம்மையின் புருவம் ஒரு நூல் ஏறி இறங்கியது. அவ்வளவுதான். செண்பகவல்லி கூட்டை விட்டுவிட்டுக் கையை வெறும் சோற்றுக்குக் கொண்டுபோனாள். உருட்டிய கவளத்தில் பாதியைத் திரும்ப இலையிலேயே வைத்தாள். இடது கையால் சேலையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள். நேற்று மத்தியானத்துப் பசி அப்படியே இருந்தது. சோறுதான் இறங்க மாட்டேன் என்றது.

"அப்படிப் பார்க்காதீங்க அம்மை."

"நான் ஒண்ணும் சொல்லலியேக்கா."

"சொல்லலைதான்."

"சாப்பிடத்தானே சொன்னேன். நல்லாச் சாப்பிடுங்க."

சொல்லிவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

செண்பகவல்லி இலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு எழுந்தாள். குழம்பு வழிந்து முழங்கையில் ஓடியது. எங்கே போவது என்று சுற்றிப் பார்த்தாள். பக்கத்தில் அரிசி மூட்டை அடுக்குகிற அறை இருந்தது. உள்ளே போனாள். காலால் கதவைத் தள்ளிச் சாத்தினாள்.

சாத்தியது அவள்தான். அந்தச் சத்தத்தைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள்.

இந்தச் சத்தத்தை ஐந்து மாதமாகத் தினம் மூன்று வேளை கேட்டிருக்கிறாள். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டது இன்றைக்குத்தான் முதல் தடவை.

மூட்டைகளுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஐயோ என் பிள்ளை, ஐயோ என் பிள்ளை என்று வாய் முணுமுணுத்தது. கண்ணீர் பாட்டுக்கு ஓடியது. கை பாட்டுக்குச் சோற்றை எடுத்தது. அங்கே பார்க்க யாரும் இல்லை. சோறு இறங்கியது.

அம்மை கதவைத் திறக்கவில்லை. வெளியே நின்றாள்.

"அம்மை" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "நான் அவளை இப்படியா பார்த்தேன்?"

வழியெல்லாம் சிந்தியிருந்த குழம்பை அம்மை துணியால் துடைத்தாள்.

"எத்தனை நாளா இப்படிப் பார்த்தேன்?"

"எனக்கு எப்படிக்கா தெரியும். வீட்டுல போய்க் கேளுங்க. முதல்ல சாப்ட்டு முடிங்க."

அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது செண்பகவல்லி கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். பெண் பார்க்க வந்தது மாசி. இப்போது ஆவணி. ஏழு மாதம் என்று வந்தது. ஏழு மாதம் பிள்ளையை அப்படிப் பார்த்திருக்கிறோமே என்று இருந்தது. ஏழு மாதம்தானே, மீதி நாளில் சரிக்கட்டிவிடலாம் என்று கொஞ்சம் ஆறுதலும் வந்தது.

வீட்டில் வேணி நடந்துவிட்டு வந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். செண்பகவல்லி அவளுக்கு எதிரே போய் உட்காரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு போர்வையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நிமிராமல் கேட்டாள்.

"வேணி, நான் உன் தட்டைப் பார்க்க ஆரம்பிச்சது எப்போலேருந்து?"

வேணி இதை எதிர்பார்க்கவில்லை. கையிலிருந்த தலையணை உறையை மடித்தாள். பிரித்தாள். மறுபடியும் மடித்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏழாங்கிளாஸ்லேருந்தும்மா" என்றாள். "ராஜி சித்தி கல்யாணப் பந்தியில நான் ரெண்டாவது ஜாங்கிரி எடுத்தேன்லா. அன்னைலேருந்து."

ராஜியின் கல்யாணம் செண்பகவல்லிக்கு நன்றாக நினைவிருந்தது. அன்றைக்கு என்ன சேலை கட்டியிருந்தோம் என்பதுகூட நினைவிருந்தது. அந்த ஜாங்கிரி மட்டும் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.