கடைசிப் பக்கத்தில் லொடுக்கு

தாயுமானவன் படக்கதை வரையக் கற்றுக்கொள்ளப் போனபோது அவருக்கு வயது அறுபத்து மூன்று. அவருடைய குரு நப்பின்னைக்கு முப்பத்தெட்டு.

"தப்பா நினைக்காதீங்க சார். உங்க வயசுல எல்லாரும் ஏதாவது ஒரு பழக்கத்தை விடப் பார்ப்பாங்க. நீங்க புதுசா ஒண்ணு பிடிக்க வந்திருக்கீங்க" என்றாள் முதல் நாள்.

"கை நடுங்காது டீச்சர். முப்பத்தஞ்சு வருஷம் டெலிபோன் கம்பி முடிச்ச கை."

"நடுங்கினாலும் பரவாயில்லை. லொடுக்கைப் பிடிக்குமா? அதைச் சொல்லுங்க."

"பிடிக்கும்" என்றார்.

லொடுக்கைப் பிடிக்காதவர்கள் திருச்சியில் குறைவு. ஒரு காலத்தில் மாலை ஐந்தரைக்குத் தொலைக்காட்சியில் வந்த கைப்பொம்மை அவள். கறுப்புப் பொத்தான் கண். முன்பல்லில் ஒரு சந்து. வாயைத் திறந்தால் வம்பு. அவளிடம் மாட்டிக்கொண்டு விழிக்க, தொப்பையும் மீசையுமாகப் பூசணி மாமா என்று இன்னொரு பொம்மை. ஒன்பது வருடம் ஓடி நின்றுபோன அந்த நிகழ்ச்சியின் பொம்மைகளுக்கு இப்போது சோறு போடுகிறவள் நப்பின்னைதான். பழங்கதை ஒவ்வொன்றாக எடுத்து அந்த இரண்டு பொம்மைகளின் கையில் கொடுத்துவிடுவாள். அவள் புத்தகத்தில் அரக்கனுக்குப் பத்துத் தலை கிடையாது. பூசணி மாமா ஒரே தலையில் பத்துத் தொப்பியை அடுக்கிக்கொண்டு தள்ளாடுவார். கற்பை மெய்ப்பிக்க நெருப்பில் இறங்கச் சொன்னால் லொடுக்கு, "முதல்ல நீ இறங்கு மாமா, சூடு எப்படின்னு சொல்லு, அப்புறம் பார்க்கலாம்" என்பாள்.

உறையூரில், நோட்டுப் புத்தகம் தைக்கும் பட்டறைக்கு மேலே ஒரு நீள அறை, நப்பின்னையின் வரைகூடம். கீழே இயந்திரம் ஓடினால் மேலே மேசை அதிரும். அங்கே வரைகிறவர்களுக்கு இரண்டு சட்டங்கள் இருந்தன.

பொம்மைக்குக் கால் வரையக் கூடாது. இடுப்புக்குக் கீழே ஒரு சுவரோ புதரோ அண்டாவோ வந்து நிற்க வேண்டும், ஏனென்றால் அங்கேதான் கை நுழைகிறது. இரண்டாவது, பொம்மையின் முகத்தை மாற்றக் கூடாது. சிரித்தாலும் செத்தாலும் அதே பொத்தான், அதே பல் சந்து.

பக்கம் முடிந்ததும் நப்பின்னை காகிதத் துண்டுகளை எடுத்து எல்லா முகங்களையும் மூடிவிடுவாள். பிறகு கேட்பாள்.

"இதுல யாருக்குக் கோபம்?"

முகமில்லாமல் அது தெரியாவிட்டால் பக்கம் திரும்பி வந்துவிடும்.

"எல்லாரும் முகத்தைத்தானே டீச்சர் பார்க்கிறாங்க?" என்று ஒருநாள் தாயுமானவன் கேட்டார்.

"பார்க்கட்டும் சார். நாம அங்க எதையும் வைக்க வேண்டாம்."

பதினான்கு மாதம் படித்தார். புதர் போட்டார், அண்டா போட்டார். பூசணி மாமாவின் மீசைக்கு மட்டும் தனியாக ஒரு நோட்டே தீர்ந்தது. ஆனால் ஒன்றை மட்டும் சொல்லாமலே வைத்திருந்தார். அந்த ஒன்பது வருடமும் லொடுக்குக்குள் இருந்தது அவருடைய மனைவி வேதவல்லியின் கை. சொன்னால் நப்பின்னை கற்றுக்கொடுப்பதை நிறுத்திவிட்டுக் காப்பி கொடுத்து மரியாதையாக உட்கார வைத்துவிடுவாள் என்று பயம்.

வேதவல்லி போய் இரண்டரை வருடம் ஆகிறது. லொடுக்காக அவள் ஆடியது எதுவும் மிஞ்சவில்லை. அந்தக் காலத்து ஒளிநாடாக்களில் பிறகு வேறு வேறு நிகழ்ச்சிகளைப் பதிந்துவிட்டார்கள். பொம்மை மட்டும் வீட்டில் இருந்தது. அவள் போன அன்று, யாரும் சொல்லாமல், தாயுமானவனே அதை எடுத்து அவளுடைய வலது கையில் மாட்டி அனுப்பிவிட்டார். அன்றைக்கு அது சரியாகத்தான் பட்டது. பதினாறாம் நாள் முடிந்து உறவெல்லாம் கிளம்பிய பிறகுதான், வீட்டில் தன்னை வம்புக்கு இழுக்க ஒரு குரலும் இல்லை என்பது உறைத்தது.

அதற்குப் பிறகு ஒருநாள் சத்திரம் பேருந்து நிலையத்துக் கடையில் தொங்கிய படக்கதைப் புத்தகத்தைப் பிரித்தார். ஒரு படக் கட்டத்தில் லொடுக்கு, வேதவல்லி சாய்க்கிற மாதிரியே தோளைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். ஒரே ஒரு கட்டம். தாயுமானவன் பேருந்தை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் புத்தகத்தின் பின்னட்டையில் முகவரியைத் தேடினார்.

தன் கையால் ஒரு கட்டம் வரைய வேண்டும். அதில் வேதவல்லியின் லொடுக்கு வர வேண்டும். அவருக்கு வேண்டியது இவ்வளவுதான்.

அந்தக் கட்டம் அவரிடம் வந்தும் சேர்ந்தது. புதிய புத்தகம், எமனின் பின்னாலேயே நடந்துபோய்க் கணவனை மீட்டு வந்தவளின் கதை. லொடுக்குதான் மனைவி. பூசணி மாமா எமன். எருமைக்குப் பதில் இரண்டு கொம்பு கட்டிய பழைய ஸ்கூட்டர். கணவன் வேடத்துக்கு நப்பின்னை ஒரு தலையணையைப் போட்டிருந்தாள்.

"கதை முழுக்கப் படுத்துதானே சார் கிடக்கிறான்? அதுக்கு எதுக்கு ஒரு பொம்மையை வீணாக்கணும்?"

ஸ்கூட்டர் போகிறது, லொடுக்கு விடாமல் பின்னால் போகிறாள். எமனுக்கு அலுத்துவிடுகிறது. "உன் புருஷன் உயிரைத் தவிர என்ன வேணும்னாலும் கேளு!" என்கிறார்.

"தினமும் என்னோட சண்டை போட ஒரு ஆள் வேணும் மாமா."

"தந்தேன்!"

"புது ஆள் வேண்டாம். இவன்கிட்ட ஆரம்பிச்சதே பாதியில நிக்குது."

அந்த வசனத்தைப் பேச்சுக் குமிழிக்குள் எழுதியபோது தாயுமானவன் பேனாவை இரண்டு முறை கீழே வைத்தார்.

"கடைசிப் பக்கம் உங்களுக்கு" என்றாள் நப்பின்னை. "மூணு கட்டம். எமன் மண்டையைச் சொறியறார். தலையணையைத் தூக்கி லொடுக்கு முன்னாடி போடறார். மூணாவதுல லொடுக்கு தலையணையைப் பார்க்கிறா. வசனம் கிடையாது. அவ பார்க்கிறா, அவ்வளவுதான்."

முதல் இரண்டு கட்டமும் ஒரே நாளில் முடிந்தன. மூன்றாவது முடியவில்லை.

முதல் தடவை போட்டதை நப்பின்னை வெகுநேரம் பார்த்தாள்.

"பொத்தானுக்கு இமை வச்சிருக்கீங்க."

"சின்னதாத்தான் டீச்சர்."

"எந்தத் தையல்காரரும் செய்ய மாட்டார் சார்." முகத்தை மூடினாள். "இப்ப பாருங்க. மூடினதும் ஆளையே காணோம்."

இரண்டாம் தடவை இமை இல்லை. கன்னத்தில் ஒரு துளி இருந்தது.

"உள்ளே மழை ஒழுகுதா?"

தாயுமானவன் சிரிக்க முயன்றார்.

மூன்றாம் தடவை மறுபடியும் இமை. நப்பின்னை இந்த முறை கேலி செய்யவில்லை.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை. நாளைக்கு அச்சுக்குப் போயாகணும். கொடுங்க, இந்த ஒரு கட்டத்தை நான் போட்டுடறேன்."

"வேண்டாம்!"

குரல் அவர் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. நப்பின்னை நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

"இந்தப் பக்கத்துல உங்களுக்கு என்ன சார் இருக்கு?"

தாயுமானவன் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நிகழ்ச்சியை, கையை, நாடாக்களை, தானே பொம்மையை மாட்டி அனுப்பியதை. சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை.

நப்பின்னை எழுந்து காப்பி கொண்டுவரவில்லை. அடடா என்றும் சொல்லவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள்.

"அவங்க பேரு?"

"வேதவல்லி."

"பேரே போட மாட்டாங்க. கடைசியில பொம்மைங்க பேருதான் ஓடும்."

"ஆமா. அதுக்கு ஒருநாள் ராத்திரி பூரா என்கிட்ட சண்டை போட்டா. நான் என்ன பண்ண முடியும் சொல்லுங்க."

இரண்டு பேரும் கொஞ்சம் சிரித்தார்கள். பிறகு தாயுமானவன் கேட்டார்.

"டீச்சர், நீங்க இத்தனை கதை படிச்சிருக்கீங்க. பொண்டாட்டி பின்னாடியே போய்ப் புருஷனைக் கூட்டிட்டு வந்துடறா. புருஷன் போய்ப் பொண்டாட்டியைக் கூட்டிட்டு வந்ததா ஒரு கதையும் இல்லையா?"

நப்பின்னை தூரிகை துடைக்கும் பழந்துணியை எடுத்தாள். மை படிந்து விறைத்த துணி. அதை வலது கையில் போர்த்தி, ஆள்காட்டி விரலைத் தலையாகவும் கட்டைவிரலையும் நடுவிரலையும் கைகளாகவும் நிறுத்தினாள். மேசைக்குப் பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டாள். மேசை விளிம்புக்கு மேலே துணி மட்டும் எழுந்து நின்றது.

கண் இல்லை, பல் இல்லை. துணி அங்குமிங்கும் பார்த்தது. மேசையில் கிடந்த ரப்பரைக் கண்டது. மெல்ல, நேராக, ஒரு விரற்கடை கீழே இறங்கியது.

தாயுமானவன் தலையை ஆட்டினார்.

"தப்பு டீச்சர்."

"எது?"

"அவ நேரா இறங்க மாட்டா. முதல்ல கொஞ்சம் பக்கவாட்டுல திரும்புவா, யாரோ கூப்பிட்ட மாதிரி. அப்புறம்தான் இறங்குவா."

மேசைக்குக் கீழேயிருந்து நப்பின்னையின் குரல் வந்தது. "எனக்கு எப்படி சார் தெரியும்? நான் பாய்ல உட்கார்ந்து டிவி பார்த்த பிள்ளை. முன்பக்கம்தான் பார்த்தேன்."

"நான் பின்பக்கம் பார்த்தேன்" என்றார் தாயுமானவன். "சோறு கொதிக்கிற நேரத்துல அடுப்பு முன்னாடி நின்னு வெறுங்கையிலயே பழகுவா."

துணி மேசை மேல் வந்து விழுந்தது. நப்பின்னை எழுந்து தன் நாற்காலிக்குப் போனாள்.

"காட்டுங்க."

"எனக்கு வராது டீச்சர். நான் ஒரு தடவைகூடப் போட்டுப் பார்த்ததில்லை."

"நானும்தான் சார் போட்டதில்லை. தப்பா வரட்டும், காட்டுங்க."

முழங்கால் சொடுக்க, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார். துணியை மாட்டினார். கையை உயர்த்தினார்.

துணி நின்றது. பிறகு, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல ஒரு பக்கமாகத் திரும்பியது. திரும்பி, கேட்டு, ஒரு விரற்கடை இறங்கியது. இறங்கியதும் முழங்கை தானாக உடம்போடு ஒட்டிக்கொண்டது. அது அவர் நினைத்துச் செய்ததல்ல. அவள் அப்படித்தான் ஒட்டிக்கொள்வாள் என்பது ஒட்டிய பிறகே நினைவுக்கு வந்தது.

"அப்படியே இருங்க" என்றாள் நப்பின்னை.

இருந்தார். கீழே தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததால் பென்சில் சத்தம் கேட்கவில்லை. மேசைக்கு மேலே என்ன நடக்கிறதென்றும் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் உயர்ந்திருந்த கையின் பின்பக்கம் மட்டும்தான். மணிக்கட்டின் சாய்வு. துணி விலகிய இடத்தில் ஒரு நரம்பு. சமையலறை வாசலில் நின்று ஒன்பது வருடம் பார்த்த பக்கம். இத்தனை மாதமும் அதை அவர் எந்தத் தாளிலும் தேடியிருக்கவில்லை.

தோள் வலித்தது. அசையவில்லை. விரல் நுனியிலிருந்து மரத்துக்கொண்டு வந்தது. அப்போதும் அசையவில்லை. ஜன்னல் வெயில் தரையில் ஒரு தரைக்கல் தூரம் நகர்ந்து அவர் பாதத்தைத் தொட்டது.

"டீச்சர்."

"ம்."

"கை மரத்துப் போச்சு."

"தெரியுது சார்."

"இறக்கிடலாமா?"

"நான் வரைஞ்சு முடிச்சு ரொம்ப நேரமாச்சு, சார்."