பொள்ளாச்சி ரோட்டில் கூரையில்லாத கார்

"அம்மணி, இங்கிலாந்துல வருசம் பூரா மழைங்கறாங்க. அங்க செஞ்ச காருக்கு ஒழுகாத கூரை ஒண்ணு போடத் தெரியாமப் போச்சா?"

சென்னியப்பன் மடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

இருவர் மட்டும் உட்காரும் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். கூரை என்று பேர்தான், மடக்கி வைக்கிற துணி.

பக்கத்தில் இருந்தவள் ரெஹானா. கோவையில் ரேஸ் கார் பட்டறை வைத்திருக்கிறாள். காரை ஓட்டவும் கழற்றவும் அவருக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். குருவுக்கு வயது முப்பது, சீடருக்கு அறுபது.

இன்றைக்குக் காரை விற்கப் போகிறார். பொள்ளாச்சியில் ஆள் காத்திருக்கிறார். இந்த ஒழுகலோடு இனி மல்லுக்கட்ட முடியாது என்று வீட்டில் சொல்லிவிட்டார். சொன்னதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"ஓரமா நிறுத்துங்க."

நிறுத்தினார். அவள் இறங்கிக் கொக்கிகளைத் தட்டிவிட்டு, கூரையை முழுசாகப் பின்னால் மடக்கினாள்.

"என்ன அம்மணி பண்ணறீங்க? கொட்டுதே!"

"ஓட்டுங்க."

உருட்டிக்கொண்டு போனார். மழை நடுமண்டையில் கொட்டியது.

"முன் கண்ணாடி எப்படி இருக்குதுங்க?"

"சாஞ்சிருக்குது."

"எதுக்கு?"

"அழகுக்குத்தான்."

"மிதிங்க."

மிதித்தார். இப்போது தோளில் மட்டும் விழுந்தது.

"இன்னும்."

முள் எண்பதைத் தாண்டியது. கண்ணாடியில் ஏறி வந்த காற்று, துளிகளை அப்படியே அள்ளி இருவர் தலைக்கும் மேலாகப் பின்னால் எறிந்தது. சென்னியப்பன் மடியைத் தொட்டுப் பார்த்தார். ஒரு சொட்டுக்கூடப் புதிதாக விழவில்லை.

"அம்மணி! மழை நம்மளத் தாண்டிப் போகுது!"

கத்தினார். சிரித்தார். மறுபடி கத்தினார். ஒரு பஸ்ஸை முந்தியபோது, மழைக்காக ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே இருந்தவர்கள் எல்லாம் அதைத் தூக்கிவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

"துணியை ஒழுங்காத் தைக்கலையேன்னு எத்தனை வருசமாத் திட்டியிருக்கேன்!"

ரெஹானாவுக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

பொள்ளாச்சி எல்லையில் ஒருவர் குடையோடு ரோட்டோரம் நின்று, இரண்டு கைகளாலும் குடையை ஆட்டினார்.

"அவருதான் வாங்கறவரு. நிறுத்தட்டுங்களா?"

"நிறுத்தினா நனைவோம்ங்க."

சென்னியப்பன் ஹாரனை நீளமாக அடித்தார். ஒற்றைக் கையால் அவருக்கு ஒரு கும்பிடு போட்டார்.

மிதித்தார்.