நடுவக்குளத்து மரியாதை

பரஞ்சோதி அண்ணாச்சி வாயைத் திறந்தால் பொய்தான் வரும் என்று சிவகாசியில் சிலர் சொல்வார்கள். அது அபாண்டம். சாப்பிடுவதற்கும் அவர் வாயைத் திறப்பார்.

தினசரி காலண்டர் அச்சடிக்கும் ஒரு சின்ன அச்சகத்தில் அவருக்குப் பிழை திருத்தும் வேலை. அமாவாசையும் கிருத்திகையும் உரிய தேதியில் விழுந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் மேஜை டிராயரிலிருந்து ஓர் எவர்சில்வர் மூடியை எடுத்து, வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டு சாப்பாட்டு அறைக்கு நடப்பார். அந்த மூடிக்குரிய டப்பாவை யாரும் பார்த்ததில்லை. கேட்டால், "ரெண்டையும் தூக்கிட்டு அலையணுமாக்கும்" என்பார்.

அறையில் ஒரே நீள மேஜை. ஒரு பக்கம் கணக்கு எழுதும் விசாலாட்சி, சைவம். அவள் வைக்கும் சுண்டவத்தல் குழம்புக்கு அச்சகத்துக்கு வெளியிலும் பெயர் உண்டு. எதிரே பைண்டிங் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் செல்வராணி, அசைவம். அவளுடைய நெத்திலிக் கருவாட்டுத் தொக்கும் லேசுப்பட்டதல்ல. ஓரத்தில் மிஷின் ஓட்டும் மாடசாமி. அவன் எதையும் சாப்பிடுவான், எதையும் நம்ப மாட்டான். அண்ணாச்சியின் மூடியில் இடப்பக்கம் குழம்பு, வலப்பக்கம் தொக்கு, நடுவில் சோற்றால் ஒரு வரப்பு. இப்படித்தான் பல வருஷம் போயிற்று.

பரிமாறிக்கொள்ள மேஜையில் பொதுவாக ஒரு ஸ்பூன். கருவாட்டுக்குள் போன ஸ்பூன் கழுவாமல் குழம்புக்குள் போகக் கூடாது. எழுதாத சட்டம், ஆனாலும் மீறப்பட்டதில்லை. ஒரு நாள் மீறப்பட்டது. அன்று குழாயில் தண்ணீர் இல்லை. தேதி தப்பாக அச்சான காலண்டர் தாள்களில் எல்லோரும் கையைத் துடைத்துக்கொண்டார்கள். விசாலாட்சி குழம்பிலிருந்து ஒரு சுண்டவத்தலை எடுத்து வாயருகே கொண்டுபோனாள். அது அவளைப் பார்த்தது. நெத்திலித் தலை.

"பாத்து எடுக்கக் கூடாதா ராணி?" என்றாள் விசாலாட்சி.

"நான் எடுத்தேன்னு யாரு சொன்னா? இத்தனை வருஷம் உங்க டப்பாப் பக்கம் என் முந்தானை பட்டிருக்குமா?" என்றாள் செல்வராணி.

பேச்சு வளர்ந்தது. "உங்க சாப்பாடு", "எங்க சாப்பாடு" என்ற சொற்கள் அந்த அறையில் முதல் தடவையாகக் கேட்டன. அண்ணாச்சி மட்டும் இதில் தலையிடாமல் குனிந்து மும்முரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு வந்த மேனேஜர், மேஜையின் நடுவே மரத்தடுப்பு போடுவது என்று முடிவெடுத்தார். இந்தப் பக்கம் சைவம், அந்தப் பக்கம் அசைவம். ஒருவர் ஒரு பக்கம்தான் உட்காரலாம், மாறக் கூடாது. மறுநாள் சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் தச்சர் வந்து அளவெடுப்பார்.

அண்ணாச்சிக்கு அன்று வேலை ஓடவில்லை. ஒரு ஏகாதசி தப்பான கிழமையில் விழுந்ததைப் பார்த்தும் விட்டுவிட்டார். சைவப் பக்கம் உட்கார்ந்தால் தொக்கு போயிற்று. அசைவப் பக்கம் உட்கார்ந்தால் குழம்பு போயிற்று. மூடியை இரண்டாக வெட்டலாம். ஆளை வெட்ட முடியாது.

மறுநாள் மணி அடித்ததும் முதல் ஆளாகப் போய் மேஜையின் நட்டநடுவில் உட்கார்ந்தார். விசாலாட்சி ஒரு கோடியில், செல்வராணி மறு கோடியில். டப்பாக்கள் மூடியபடி இருந்தன. இவள் திறந்தால் அவளும் திறப்பாள். யார் முதலில் திறப்பது என்பதில் இருந்தது வீம்பு. நடுவே, காலண்டர் தாளில் சுற்றப்பட்டு, சாட்சிப் பொருளாக அந்த ஸ்பூன்.

"எங்க ஊரு நடுவக்குளத்துல இப்படி ஒரு தகராறு நடந்ததே கிடையாது," என்றார் அண்ணாச்சி, பொதுவாக.

"உங்க ஊருல எதுதான் நடந்திருக்கு," என்றான் மாடசாமி.

"சொல்றதைக் கேளுலே. ஒரே தெரு. வடவரிசை பூரா சைவம், தென்வரிசை பூரா அசைவம். மீன்காரர் சைக்கிள்ல வருவாரு. தென்வரிசை ஓரமாப் போறப்ப 'மீனு மீனோய்'னு கூவுவாரு. திரும்பி வடவரிசை ஓரமா வர்றப்ப கூடை மேல வாழையிலையைப் போட்டு மூடிட்டு, தேவாரம் பாடிக்கிட்டே போவாரு."

"மீன்காரரா?"

"அட்சரம் பிசகாது. ஓதுவாருக்குத் தொண்டை கட்டிக்கிட்டா இவரைத்தான் கோயில்ல இருந்து கூப்பிட்டு விடுவாங்க. கூடையை வாசல்ல வச்சிட்டுப் போய்ப் பாடிட்டு வருவாரு. அர்ச்சகரு அதுவரைக்கும் பூனை வராமப் பாத்துக்கிடுவாரு."

இரண்டு பெண்களும் வேறு வேறு சுவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டப்பாக்கள் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் ஏற்ற வேண்டும் என்று அண்ணாச்சிக்குத் தெரிந்தது.

"தென்வரிசையில கறி கொதிக்கும். வாசம் எங்க போகும்? வடக்கே போகும்னுதானே நினைப்பே. போகாது. தெரு நடுவுல வந்து நின்னுக்கிடும். வடவரிசை ஆளுக 'பரவாயில்ல, வா'ன்னு சொன்னாத்தான் தாண்டும்."

"சொல்லலேன்னா?"

"நிக்கும். பொழுது சாயிற வரைக்கும் அங்கேயே நிக்கும். டவுன் பஸ்ஸுக்காரன் ஹாரன் அடிச்சுப் பாப்பான், விலகாது. பஸ்ஸை ஒடிச்சுப் பக்கத்துத் தெரு வழியாப் போவான். இந்தப் பக்கம் நெய் காய்ச்சினா, அந்த வாசமும் வந்து நடுவுல நிக்கும். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு வழி விடுறேன்னு நின்னதுல ஒரு தடவை தேரே திரும்ப முடியாமப் போச்சு."

மாடசாமி தன் டப்பாவைத் திறந்தான். வெறும் சோறு. தொட்டுக்கொள்ள அவனும் இரண்டு பக்கத்தையும் நம்பி வந்தவன்தான். ஆனால் அதற்காகப் பொய்யை ஒப்புக்கொள்ள அவனுக்கு மனம் வரவில்லை. "வாசம் எப்படி அண்ணாச்சி நிக்கும், கால் இருந்துச்சா?" என்றான்.

"உனக்கு மரியாதையைப் பத்தித் தெரியாது, அதான் காலைத் தேடுத. புரட்டாசியை எடுத்துக்கோ. தென்வரிசை அந்த மாசம் கறி மீனைத் தொடாது. இது எல்லா ஊருலயும் உள்ளதுதான். எங்க ஊரு வடவரிசை உக்காந்து யோசிச்சுது. 'ஒரு மாசம் நம்மள மாதிரியே இருக்காங்களே, பதிலுக்கு நாம என்ன செஞ்சோம்?' யோசிச்சு, ஐப்பசி மாசம் பூரா காய்கறியை விட்டுட்டாங்க."

"காய்கறியை விட்டுட்டு எதைத் தின்னாங்க?"

"சோறும் மோரும்."

"தொட்டுக்க?"

"உப்பு. ஒரு மிளகாயைக் கூடத் தொடலை. பறிக்க ஆளில்லாம கத்தரிக்காய் செடியிலயே வளந்து வளந்து கோயில் மணி மாதிரி தொங்குச்சு. காத்தடிச்சா ஒண்ணோட ஒண்ணு இடிச்சுச் சத்தம் வேற. சனங்க பூசைக்கு நேரமாச்சுன்னு குளிச்சு முழுகிட்டுத் தோட்டத்துல போய் நிப்பாங்க."

செல்வராணியின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. அதை அவள் முந்தானையால் துடைப்பதுபோல் மறைத்தாள்.

"அதுவரைக்கும் தென்வரிசை சும்மா இருந்துச்சாக்கும்," என்றாள் விசாலாட்சி, சுவரைப் பார்த்தபடியே.

"சும்மா இருக்குமா தாயி? 'எங்களுக்காக நீங்க காயை விட்டா, உங்களுக்காக நாங்க கார்த்திகை மாசம் முட்டையை விடுதோம்'னுட்டாங்க. அந்த மாசம் ஊருல ஒரு கோழி முட்டை போடலை."

"கோழிக்கு யாரு போய்ச் சொன்னா?" என்றான் மாடசாமி.

"சொல்லணுமா? அதுவும் அந்த ஊருக் கோழிதானே. ஊரு நிலைமையைப் பாத்து நடந்துக்கிட்டுது."

விசாலாட்சி சுவரை விட்டு இந்தப் பக்கம் திரும்பினாள். செல்வராணியின் கை டப்பாவின் கொக்கி மேல் போயிற்று. திறக்கவில்லை, ஆனாலும் போயிற்று. அண்ணாச்சி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஏற்கெனவே கையிலிருந்த ஊரும் தெருவும் கோழியும் தீர்ந்துபோயிருந்தன. புதிதாக ஒன்று வேண்டியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு காக்கை கத்தியது.

"கோழி கிடக்கட்டும். எங்க ஊருக் காக்காயைப் பத்தி உங்களுக்குச் சொல்லியிருக்கேனா? ஒத்தைக் காக்கா. வடவரிசையில அமாவாசைச் சோறும் திங்கும், தென்வரிசையில மீன் முள்ளும் கொத்தும். ஆனா ஒரு பக்கம் தின்னுட்டு மறு பக்கம் போறதுக்கு முன்னால குளத்துக்குப் போய் அலகைக் கழுவிட்டுத்தான் வரும்."

"நீங்க பாத்தீங்களாக்கும்."

"பாத்தேனாவா? கழுவிட்டு, வேப்பங்கிளையில இப்படி ஒரு தேய், அப்படி ஒரு தேய். ஒரு கோடையில குளம் வத்திப்போச்சு, பொட்டுத் தண்ணி இல்ல. வேற காக்காயா இருந்தா என்ன செய்யும்? கழுவாமலே போய் வாயை வச்சிரும். இது அப்படியே பறந்து பக்கத்து ஊருக் கிணத்துக்குப் போய்க் கழுவிட்டு வந்துச்சு. வர்றதுக்குள்ள சோத்தை அணில் தின்னுட்டுது. பட்டினி கிடந்துச்சே தவிர, மரியாதை தவறலை."

"ஒரே காக்காதான் ரெண்டு பக்கமும் திங்குமா அண்ணாச்சி?" என்று கேட்டாள் செல்வராணி. அன்று அவள் பேசிய முதல் வார்த்தை.

"ஒரே காக்காதான். வேற எதுக்கும் அந்த உரிமை கிடையாது."

செல்வராணி விசாலாட்சியைப் பார்த்தாள். விசாலாட்சியும் பார்த்தாள். பார்வை மேஜையின் நீளத்தைக் கடந்து போய் வந்தது. இன்னும் போடாத தடுப்பில் ஒரு பலகை கழன்று விழுந்ததாகவே அண்ணாச்சிக்குப் பட்டது. உற்சாகம் தலைக்கேறியது.

"இதெல்லாம் என்ன பெரிசு. ஒரு கல்யாணம் நடந்துச்சு பாருங்க. வடவரிசைப் பையன், தென்வரிசைப் பொண்ணு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சைவம்லா? வர்ற சம்பந்திக்கு மரியாதை செய்யணும்னு பொண்ணு வீட்டுக்காரங்களுக்காகப் பிரியாணி ஆக்கி வச்சிட்டாங்க. அவங்க கைப்படக் கறியைத் தொட்டதில்ல, அதனால வெளியூருல இருந்து ஆளை வரவழைச்சு ஆக்கச் சொல்லிட்டு, இவங்க வாசல்ல நின்னு அடுப்பை விசிறினாங்க. பொண்ணு வீட்டுக்காரங்க வந்து உக்காந்து, 'உங்க வாசல்ல நாங்க கறி திங்கிறதா? எங்களுக்கு சாம்பார் ஊத்துங்க'ன்னுட்டாங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க விடலை. 'எங்களுக்காக நீங்க விட்டுக்குடுத்தா அது எங்களுக்குத்தான் கேவலம். நீங்க கறி திங்காட்டா நாங்க சாம்பாரைத் தொட மாட்டோம்.' 'நீங்க சாம்பாரைத் தொடாட்டா நாங்க தண்ணி குடிக்க மாட்டோம்.' போட்ட இலை வாடிப்போச்சு. வேற இலை போட்டாங்க. அதுவும் வாடிச்சு. பொண்ணு மாப்பிள்ளை பட்டினி, நாயனக்காரரு ஊத முடியாம நாயனத்தை ஊனிக்கிட்டு நிக்காரு. கலெக்டரு ஜீப்புல வந்து இறங்கிட்டாரு."

"அவருக்கு அங்க என்ன வேலை?"

"மரியாதை எல்லை மீறிப் போச்சுலே. சட்டம் ஒழுங்குப் பிரச்சினை. 'நான் முதல்ல சாப்பிடுதேன், என்னைப் பாத்து எல்லாரும் ஆரம்பிங்க'ன்னாரு. எந்தப் பக்கம் உக்காந்தாலும் அடுத்த பக்கத்துக்கு அவமரியாதை. பந்தி நடுவுல நின்னுக்கிட்டே இருந்தாரு. அவரும் பட்டினி. அவரு டிரைவரும் பட்டினி."

"கடைசியில யாருதான் சாப்பிட்டா?" மாடசாமியின் சோறு கையில் நின்றது. நம்பவில்லைதான், ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

அண்ணாச்சி மூடியை ஒரு சுற்றுச் சுற்றி வைத்தார்.

"அந்தக் காக்கா. எங்கிருந்தோ வந்து பந்தி நடுவுல உக்காந்துச்சு. பிரியாணியில ஒரு கொத்து. எந்திரிச்சுப் போய்க் குளத்துல அலகைக் கழுவிட்டு வந்துச்சு. பாயசத்துல ஒரு கொத்து. கலெக்டரு தொப்பியைக் கழட்டிட்டாரு. மொத்தச் சனமும் எந்திரிச்சுக் கும்பிட்டுட்டு, அதுக்கப்புறம் உக்காந்து சாப்பிட்டுது. ஆக நான் என்ன சொல்ல வாரேன்னா, ரெண்டு பக்கமும் சாப்பிடுத ஒரு சீவன் நடுவுல இருக்கிற வரைக்கும்தான் ஊரு ஒத்துமையா இருக்கும். தடுப்பைப் போட்டா அது எங்க போய் உக்காரும்? அதைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க."

செல்வராணிதான் முதலில் சிரித்தாள். விசாலாட்சி சிரித்துக்கொண்டே டப்பாவின் கொக்கியைத் தட்டினாள். இரண்டு டப்பாக்களும் கிட்டத்தட்ட ஒன்றாகத் திறந்தன. சுண்டவத்தல் வாசமும் கருவாட்டு வாசமும் கிளம்பி, யாரிடமும் அனுமதி கேட்காமல் மேஜை நடுவே கலந்தன. அண்ணாச்சி கண்ணை மூடி அதை இழுத்துவிட்டு, மூடியை மெல்ல முன்னால் தள்ளினார்.

"அக்கா," என்றாள் செல்வராணி, "நான் என்னிக்காவது உங்க டப்பாவுக்குள்ள ஸ்பூனை விட்டிருக்கேனா?"

"இல்லையே. நீயா எடுத்ததே கிடையாது. கேட்டாலும் நான்தான் ஊத்துவேன். நானும் உன் தொக்குப் பக்கம் வந்ததில்ல."

"வந்ததில்ல. மாடசாமி?"

"நேத்து கிருத்திகை. நான் கருவாட்டைத் தொடலை," என்றான் மாடசாமி. "காலண்டர்ல போட்டிருக்கு. அண்ணாச்சிதான் திருத்தினாரு."

மூன்று பேரும் எவர்சில்வர் மூடியைப் பார்த்தார்கள். அதில் நேற்றைய வரப்பின் தடம் இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது.

"நேத்து நம்ம குழாயில தண்ணி வரலை, இல்லையா அண்ணாச்சி?" என்றாள் விசாலாட்சி, மிகவும் மரியாதையாக.

"பக்கத்து ஊருக் கிணறு தூரம்," என்றான் மாடசாமி.

அண்ணாச்சி மூடியை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக நடுவக்குளம் கைகொடுக்கவில்லை. அந்த நேரம் பார்த்து, காதில் பென்சிலும் கையில் டேப்புமாகத் தச்சர் உள்ளே வந்தார். மேஜையை மேலும் கீழும் பார்த்தார்.

"தடுப்பு எங்கம்மா வருது? நடுவுலயா?"

"நடுவுல வேண்டாம்," என்றாள் செல்வராணி. "அண்ணாச்சியைச் சுத்தி."

தச்சர் வேலையில் கேள்வி கேட்காத மனிதர். டேப்பை இழுத்து அண்ணாச்சியின் இடப்பக்கம் ஒரு அளவு எடுத்தார். வலப்பக்கம் வந்து குனிந்தார். அண்ணாச்சி கையை மடக்கி, அளக்க வசதியாக நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"ரெண்டு பக்கமும் ஒரு ஜன்னல் வச்சிரு தம்பி," என்றார். "எங்க ஊருல அப்படித்தான்."

விசாலாட்சி எழுந்து வந்து, டப்பாவைச் சாய்த்து அவர் மூடியில் குழம்பை ஊற்றினாள். செல்வராணி மறு பக்கம் தொக்கை வைத்தாள். பிறகு தாளில் சுற்றியிருந்த ஸ்பூனை எடுத்து அவர் கையில் கொடுத்து, குழாயடியைக் காட்டினாள்.

"இன்னிக்குத் தண்ணி வருது."