நரி வந்தால் என்ன செய்வது?

ஆறு வளைந்து ஓடும் ஒரு காட்டில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. ஏழு கீரிக் குட்டிகள் அங்கே படித்தன. ஆசிரியர்கள் மூவர். நரியிடமிருந்து தப்புவது எப்படி என்பதே மூவரும் நடத்திய பாடம்.

கர்வம் பிடித்த குரங்கு வாத்தியார் மரத்தடியில், "நரி வந்தால் மரத்தில் ஏறு!" என்றது. அவசரக்கார நீர்நாய் வாத்தியார் ஆற்றோரம், "நரி வந்தால் தண்ணீரில் குதி!" என்றது. கூச்சம் மிகுந்த முயல் டீச்சர், "நரி வந்தால் புல்லுக்குள் பதுங்கு!" என்றது. ஒருவர் வகுப்பை மற்றவர் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

ஒரு நாள் நரியே வந்துவிட்டது!

குட்டிகள் ஓடின. பாதி வழியில் திரும்பின. ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு உருண்டன. கடைக்குட்டி செவலையின் வால் நரியின் வாயில்! நல்லவேளை, அம்மா கீரி பாய்ந்து வந்து நரியின் மூக்கைக் கடித்தது.

"நாளைக்கு வருகிறேன், பாருங்கள்!" என்று ஊளையிட்டபடி நரி ஓடியது.

அம்மா கீரி மூச்சு வாங்க ஆசிரியர்கள் பக்கம் திரும்பியது. "நாளை நான் இரை தேடத் தூரம் போக வேண்டும். என் பிள்ளைகளுக்கு நீங்கள் என்னதான் சொல்லிக் கொடுத்தீர்கள்?"

"என் வகுப்பில் எல்லாரும் முதல் மதிப்பெண்!" என்றது குரங்கு. "இந்தத் தண்ணீர் விளையாட்டுதான் கெடுத்துவிட்டது."

"ஓகோ! கிளையில் தொங்கத் தெரிந்தால் போதும், வாத்தியார் ஆகிவிடலாம் போல!" என்று சீறியது நீர்நாய்.

முயல் மெல்லச் சொன்னது: "சண்டை வேண்டாம் சார். இன்று மாலை என் வகுப்பில் வந்து உட்காருங்கள்."

"இன்னொருவர் வகுப்பில் உட்கார நான் என்ன ஒன்றாம் வகுப்பா?" என்றது குரங்கு.

"என்னைப் பார்க்க வேண்டாம் சார். குட்டிகளைப் பாருங்கள்."

மாலையில் முணுமுணுத்துக்கொண்டே இரண்டும் உட்கார்ந்தன. முயல், "நரி!" என்று கத்தியது.

செவலை மரத்தைப் பார்த்தது. ஆற்றைப் பார்த்தது. புல்லைப் பார்த்தது. நின்ற இடத்திலேயே அழுதது. "எந்த வாத்தியார் சொன்னபடி செய்வது?"

நீர்நாய் துள்ளி எழுந்தது. "அட! ஒரு நரிக்கு மூன்று பாடம் நடத்தியிருக்கிறோமே!"

குரங்கின் முகம் சுருங்கியது. சற்று யோசித்தது. பிறகு அதுவும் குதித்தது. "எது பக்கத்தில் இருக்கிறதோ அங்கே ஓடு! இனி மூவரும் இதையே சொல்வோம்!"

இருட்டும் வரை மூன்றும் சேர்ந்தே நடத்தின. இடம் மாற்றி மாற்றிக் குட்டிகளை நிறுத்தின. "நரி!" என்றால் தொப்! "நரி!" என்றால் சரசர!

மறுநாள் நரி பாய்ந்தது. இரண்டு குட்டிகள் ஆற்றில்! மூன்று குட்டிகள் மரத்தில்! இரண்டு எங்கே போயின என்றே தெரியவில்லை! பாய்ந்த வேகத்தில் நரி சேற்றில் குப்புற விழுந்தது. எழுந்து ஓடியதுதான், அந்தப் பக்கம் பிறகு வரவே இல்லை.

மாலையில் திரும்பிய அம்மா கீரி ஆசையாக எண்ணியது. ஆறுதான் இருந்தன!

"ஐயோ, என் செவலை எங்கே?"

உச்சிக் கிளையிலிருந்து குரல் வந்தது: "குரங்கு சார்! ஏறிவிட்டேன். இறங்குவது எப்படி?"

குரங்கு தாவிப் போய் அதைத் தோளில் சுமந்து இறங்கியது. பிறகு தலையைச் சொறிந்தது.

"முயல் டீச்சர், நீர்நாய் சார்... நாளைக்கு என் வகுப்பில் வந்து கொஞ்சம் உட்காருங்களேன்."

நீதி: ஆசிரியர்கள் ஒருவர் வகுப்பை ஒருவர் பார்த்து, கூடிப் பேசி நடத்தினால், பிள்ளைகள் திகைத்து நிற்க மாட்டார்கள்.