‘நிறைஞ்சிருக்கு’ என்று சொன்ன ஊர்

காதைக் கொடுத்துக் கேளுங்கள். கதை முடிந்ததும் ஒரு கேள்வி கேட்பேன். அவசரப்பட்டு யார் மேலும் பழியைப் போட்டுவிடாதீர்கள்.

கருந்திட்டு என்று ஒரு தீவு. அங்கே ஒரு கிணறு. அதில் ஊறியது தண்ணீர் அல்ல, எண்ணெய். வீட்டு விளக்கு, அடுப்பு, படகு இன்ஜின் எல்லாம் அந்த எண்ணெயில்தான் ஓடின. எதிர்க்கரையில் இருந்தவர்களும் இங்கே வந்துதான் வாங்கிப் போவார்கள். இன்ஜின் படகில் கரைக்கு மூன்று மணி நேரம். துடுப்புப் போட்டால் ஒரு பகல் முழுக்கப் போய்விடும். ஆஸ்பத்திரி கரையில்தான் இருந்தது.

நம் வீட்டு வழக்கம்தான் அங்கேயும். உப்போ அரிசியோ எண்ணெயோ தீர்ந்தால் ‘இல்லை’ என்று வாயால் சொல்லக் கூடாது, லட்சுமி போய்விடுவாள். ‘நிறைஞ்சிருக்கு’ என்றுதான் சொல்ல வேண்டும். மனைவி சமையற்கட்டிலிருந்து, “உப்பு நிறைஞ்சிருக்குங்க” என்றால் புருஷன் பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்புவான். “அப்படியா, சந்தோஷம்” என்று எவனும் திரும்பிப் படுத்ததில்லை.

கிணற்றை அளப்பவர் அரியநாயகம். மாதம் ஒரு முறை கயிற்றை இறக்கி, அது எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பார்த்து, ஊர்க்கூட்டத்தில் சொல்வது அவர் வேலை. மனைவி போன பிறகு ஒரே மகள் வடிவுதான் அவருக்கு உலகம்.

ஒரு தை மாதம் கயிறு பாதிதான் நனைந்து வந்தது. “எண்ணெய் குறைஞ்சுக்கிட்டே வருதுங்க. இப்பவே சிக்கனமா இருந்துக்கணும்” என்றார் கூட்டத்தில். அடேயப்பா, என்ன பாய்ச்சல் பாய்ந்தார்கள்! “நல்ல நாளும் அதுவுமா பேசற பேச்சா இது?” “முதல்ல வாயைக் கழுவுய்யா!” ஊர்த்தலைவர் மாசிலாமணி மட்டும் நிதானமாகச் சொன்னார்: “என்ன அரியநாயகம், நம்ம வீட்டுல இப்படியா சொல்லுவோம்? சொல்ற மாதிரி சொல்லக் கூடாதா?”

அடுத்த மாதம் கயிற்றின் ஈரம் இன்னும் குறைந்திருந்தது. அரியநாயகம் எழுந்து, “நிறைஞ்சிருக்குங்க” என்றார். கூட்டத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். பிறகு தலைவர், “அப்புறம் என்ன? தேர்த் திருவிழாவுக்கு, போன வருஷத்தைவிட விளக்கைக் கூட்டிப் போடுவோம்!” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அதற்குப் பிறகு மாதாமாதம் இதே கூத்துதான்.

மறு வருஷம் தேர் நெருங்கியபோது வடிவு நிறைமாதக் கர்ப்பிணி. அவள் கணவன் சபாபதிக்குக் கரையில் ஒரு அக்கா இருந்தாள். “இப்பவே அங்கே போய் இருந்துக்கலாம்” என்று அவன் நச்சரித்துக்கொண்டிருந்தான். வடிவு நேராக அப்பாவிடம் வந்தாள்.

“அப்பா, கூட்டத்துல சொல்ற மாதிரி எங்கிட்ட சொல்லாதீங்க. எனக்கு வலி வந்தா படகுக்கு எண்ணெய் இருக்குமா, இருக்காதா? இருக்காதுன்னா இன்னிக்கே கிளம்பிடறேன்.”

அவர் மகளின் முகத்தைப் பார்த்தார். பிள்ளைத்தாய்ச்சியைப் பயமுறுத்த மனம் வரவில்லை. அனுப்பவும் மனம் வரவில்லை. எப்படியாவது ஒரு குடம் எடுத்து வைத்துவிடலாம் என்று நினைத்தார்.

“இருக்கும்மா” என்றார்.

அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். பயணம் நின்றது. அவர் எடுத்து வைத்த குடத்தையும் தேர் விளக்குக்கு வேண்டும் என்று தலைவரின் ஆட்கள் வந்து தூக்கிப்போனார்கள். ஊர்க் காரியம் என்றதும் அவர் வழியை விட்டு ஒதுங்கிக்கொண்டார்.

தேர் முடிந்த மறுநாள் காலை வலி கண்டது. “பிள்ளை குறுக்கே கிடக்கு, என்னால ஆகாது. ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க” என்றாள் மருத்துவச்சி. அரியநாயகம் கிணற்றில் கயிற்றை விட்டார். காய்ந்த கயிறு காய்ந்தபடியே வந்தது. தெருவில் ஓடினார். “ரெண்டு படி எண்ணெய் இருந்தா கொடுங்கம்மா, எம் பொண்ணு...”

முதல் வீட்டில் ஒருத்தி கதவைப் பிடித்தபடி, “எங்க வீட்டிலேயும் நிறைஞ்சிருக்குங்க” என்று தலையைக் குனிந்துகொண்டாள். அவர் அடுத்த வீட்டுக்கு ஓடினார். அங்கேயும் நிறைந்திருந்தது. தலைவர் வீட்டிலும் நிறைந்திருந்தது. எந்த வாசலிலும் அவர் ஒரு நொடிகூட நிற்கவில்லை.

துடுப்புப் போட்டார்கள். சபாபதியும் நாலு பேரும் கை தோல் உரியப் போட்டார்கள். கரை கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில் வடிவு போய்விட்டாள். வயிற்றுப் பிள்ளையும் அவளோடு போயிற்று. பாழாய்ப்போன ஊர்!

காரியம் முடிந்த பிறகு ஊர் கூடியது. “அளந்தவரே நிறைஞ்சிருக்குன்னு சொன்னாரு, நான் நம்பினேன்” என்றார் தலைவர். “தலைவர் விளக்கைக் கூட்டச் சொன்னாரு, நாங்களும் நம்பிப் போட்டோம்” என்றது ஊர். சபாபதி அழுதுகொண்டே, “ஒரே ஒரு தடவை இல்லேன்னு சொல்லியிருக்கக் கூடாதா மாமா?” என்று கேட்டான். அரியநாயகம் எதையும் மறுக்கவில்லை.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். இதில் பொய் சொன்னது யார்?

விடை: கூட்டத்தில் அரியநாயகம் சொன்னது பொய் அல்ல. அந்தச் சொல்லின் அர்த்தம் ஊரில் அத்தனை வீட்டுக்கும் தெரியும். தெரியாவிட்டால் அன்று காலை அவருக்கு அதையே பதிலாகச் சொல்லியிருப்பார்களா? விளக்கைக் குறைக்க மனமில்லாதவர்கள், கூட்டத்தில் மட்டும் அர்த்தம் தெரியாதவர்கள் மாதிரி கைதட்டினார்கள். ஆகவே, ‘நம்பினோம்’ என்று தலைவரும் ஊரும் சொன்னது பொய். அரியநாயகமும் ஒரு பொய் சொன்னார். ‘இருக்கும்மா’ என்ற அந்த ஒரு வார்த்தைதான் அது. ஊரிடம் ‘குறையுது’ என்றபோது ஏசினார்கள். மகளிடம் ‘இருக்காது’ என்று சொல்லியிருந்தால், அவள் அன்றைக்கே கிளம்பியிருப்பாள்.